பழைய கணினி: சரிசெய்து ஓட்டுவதா, புதிதாக வாங்குவதா?

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். ஒன்று, "ஃபார்மட் போட்டுத் தரேன்." இன்னொன்று, "பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." முதலாவதில் சில மாதங்களுக்கு நிம்மதி கிடைக்கும், பிறகு பழைய கதைதான். இரண்டாவதில் ஐம்பதாயிரம் ரூபாய் போகும். ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக அலச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயதானதால் கணினியின் மூளையான பிராசஸரின் (சிபியு) வேகம் குறைவதில்லை. 2014இல் அது எப்படி ஓடியதோ அப்படித்தான் இன்றும் ஓடும். மாறியிருப்பவை வேறு: அதன் தலையில் ஏற்றியிருக்கும் சுமை, உள்ளே சேர்ந்திருக்கும் தூசியும் சூடும், தேய்ந்துகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க். ஆகவே எத்தனை வருடப் பழசு என்று பார்த்து முடிவெடுப்பது சரியான வழி அல்ல. எந்தப் பாகம் மெதுவாக்குகிறது, பிராசஸர் எந்தத் தலைமுறை என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கான விடையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கணினி ஆன் ஆனதும் வேறு எதையும் திறக்காமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிமிடக்கணக்கில் நின்றால், குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 85, 90 சதவீதத்தில் நின்றால், அந்த மெமரியான ரேம் போதவில்லை. ஆன் செய்த பத்து நிமிடம் நன்றாக ஓடி, மின்விசிறி சத்தம் ஏறியபின் மந்தமானால் சூடுதான் காரணம். தூசி தட்டி, பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதை மாற்றினால் சரியாகிவிடும். சிபியுவே எப்போதும் 100இல் இருந்தால் அது யோசிக்க வேண்டிய விஷயம். வைரஸ் இருக்கலாம், அல்லது பிராசஸருக்கு உண்மையிலேயே திராணி போதாமல் இருக்கலாம்.

நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் சிக்கல் டிஸ்க்கில்தான். காரணம் எளியது. லேப்டாப்பில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். உள்ளே சுற்றும் தட்டின் ஒரு மூலையில் ஒரு சிறு கோப்பு, இன்னொரு மூலையில் இன்னொன்று என்றால், ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கும் ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். இப்படி நொடிக்கு நூறு கோப்புகளைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. கூடவே அப்டேட், வைரஸ் சோதனை என்று பின்னணியில் பலதும் அதே ஊசிக்குப் போட்டி போடுகின்றன. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்பும் ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஃபார்மட் போட்டும் வேகம் நிலைக்காததன் காரணம் இதுதான். ஊசி அதே ஊசிதானே!

எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் 4ஆம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் டெஸ்க்டாப் படம் வந்த பிறகும் மவுஸ் முள் பக்கத்தில் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வரும். அதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் வகை) ஒன்றைப் போட்டு, பழைய ரேம் ஒன்றைச் சேர்த்து 8 ஜிபி ஆக்கினோம். இப்போது அரை நிமிடத்துக்குள் குரோம் திறந்து வேலை செய்யத் தயாராகிவிடுகிறது. அதே பிராசஸர், அதே மதர்போர்டு.

இந்த 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, சாட்டா ஹார்டு டிஸ்க் இருக்கும் ஏறக்குறைய எந்தக் கணினியிலும் உட்காரும். போர்டு பழைய சாட்டா 2 வகையாக இருந்து முழு வேகம் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, ஊசி நகரும் நேரம் போய்விட்டதே பெரிய லாபம். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எஸ்எஸ்டியில் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டு, பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பத்து வருடக் குப்பை கூடவே வராது, போட்டோக்களும் பத்திரமாக இருக்கும்.

ரேம் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "கூட ஒரு 8 ஜிபி போட்டுடுங்க" என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிக்கு நாம் வாங்கிவந்த குருஷியல் பிராண்டையே கைவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் சேர்ந்து ஏறியது. புதுக் கணினிக்குள் இருப்பதும் இதே ரேம், இதே எஸ்எஸ்டிதான், அதனால் புதிதாக வாங்குபவரும் தப்ப முடியாது. டிடிஆர்3 ரேம் போடும் பழைய கணினி என்றால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கழற்றிய ரேம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: 4ஆம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையைத்தான் ஏற்கும். 1.5 வோல்ட் டிடிஆர்3யைச் செருகினால் திரையே வராமல் போகலாம். ஏற்கெனவே உள்ள ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சின்னப் பழுதுகள் சிலவற்றைப் பார்த்து மிரண்டு கணினியையே மாற்றுகிறவர்கள் உண்டு. தேதி திடீரென்று பல வருடம் பின்னால் போய், எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். டெஸ்க்டாப் ஆனே ஆகவில்லை என்றால் முதலில் உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். இந்த வகையில் டெஸ்க்டாப்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் மாற்றலாம்.

லேப்டாப் அப்படி இல்லை. மதர்போர்டு போனது, ஹின்ஞ் (மூடியைத் தாங்கும் கீல்) உடைந்து மூடியே பிளந்தது, பேட்டரியும் கீபோர்டும் சேர்ந்து போனது என்றால் செலவு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். இங்கே பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். எட்டாயிரம் ரூபாய் ரிப்பேரை ஐம்பதாயிரம் ரூபாய் புது லேப்டாப்போடு ஒப்பிட்டு, மலிவுதானே என்று நினைக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது, அதைவிட நன்றாக ஓடும் ஒரு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப்பின் விலையோடு. அதில் பாதியைத் தாண்டினால் ரிப்பேரில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிராசஸரின் தலைமுறை ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன்படி பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் எல்லாம் கணினியில் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் உங்கள் கணினி தேறுமா என்று சொல்லிவிடும்.

இதில்தான் வழி பிரிகிறது. 2018 முதல் 2020 வரை நம் ஊரில் விற்ற லேப்டாப்கள் பலவற்றில் 8 அல்லது 10ஆம் தலைமுறை பிராசஸரோடு 1 டிபி ஹார்டு டிஸ்க் மட்டும்தான் இருந்தது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அவசரத்தில் வாங்கியவையும் இதில் அடக்கம். இன்று "ரொம்ப ஸ்லோ" என்று மூலையில் கிடப்பவை இவைதான். இவற்றைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. எஸ்எஸ்டி ஒன்று போட்டால் போதும், விண்டோஸ் 11ஓடு இன்னும் பல வருடம் உழைக்கும். பல மாடல்களில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாகவே இருக்கும். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் என்றால் கதை வேறு. தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடும் வழிகள் இருக்கின்றன. கடையில் செய்தும் தருவார்கள். ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நெட் பேங்கிங் செய்யும் கணினியில் அந்த வேலை வேண்டாம். இந்த வகைக் கணினிக்கு எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டும்தான் என் தேர்வு. குரோம், யூடியூப், ஜூம், லிப்ரே ஆபிஸ் எல்லாம் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளின் பாடத்துக்கும், அப்பா அம்மா செய்தி படிப்பதற்கும் இது தாராளம். 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த அரசு லேப்டாப் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதற்கும் இதையே முயன்று பார்க்கலாம், பேட்டரியை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் டேலி, போட்டோஷாப், எம்எஸ் ஆபிஸ் இல்லாமல் வேலை ஓடாது என்பவர்களுக்கு லினக்ஸ் சரிவராது. அவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுவதென்றால் புதிதா, ரீஃபர்பிஷ்டா? புதிதில் ஒன்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் என்று பண்டிகைத் தள்ளுபடியில் வருமே, அது. எஸ்எஸ்டி போட்ட பழைய ஐ5 அதைவிட நன்றாக ஓடும். அந்த 64 ஜிபியில் பெரும் பங்கை விண்டோஸும் அதன் அப்டேட்களுமே எடுத்துக்கொள்ளும். ரேமும் சேமிப்பகமும் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் பிறகு கூட்டவும் முடியாது. புதிது வாங்க ஐம்பதாயிரம் எட்டவில்லை என்றால் இந்தப் பக்கம் போகாமல், அந்தப் பணத்தில் நல்ல ரீஃபர்பிஷ்டு வாங்கலாம்.

ரீஃபர்பிஷ்டில் கிடைப்பவை பெரும்பாலும் கம்பெனிகள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள். உடம்பு உறுதியானது, கீபோர்டு அருமையாக இருக்கும். பிராசஸரின் எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஐ5 7200யு, ஐ5 8250யு இரண்டும் கடையில் "ஐ5" என்றே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது 7ஆம் தலைமுறை: இரண்டு கோர் (வேலை செய்யும் பகுதி), விண்டோஸ் 11க்குத் தகுதியும் இல்லை. இரண்டாவது 8ஆம் தலைமுறை: நான்கு கோர், விண்டோஸ் 11 போடலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றாலும், பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் அளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வரும். விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், விண்டோஸைப் புதிதாகப் போட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அதை அந்தக் கம்பெனி இன்னும் தன் பட்டியலிலிருந்து விடுவிக்கவில்லை என்று அர்த்தம். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பொறியியல் படிக்கப்போகும் பிள்ளை, வீடியோ எடிட் செய்பவர், தினமும் வெளியே தூக்கிக்கொண்டு போகிறவர் என்றால் புதிதே சரி. 16 ஜிபி ரேம் இருக்கட்டும். 8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால் இன்னொரு ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கம் போனாலும், பழைய டிஸ்க்கைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தாலோ, டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ, ஃபார்மட், டீஃப்ராக் எதுவும் போடாமல் முதலில் போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்காகக் கடைக்காரர் குறைக்கும் சில நூறு ரூபாய் போனால் போகட்டும். ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.