பிளேட்டா, சீற்றா, ஓடா: நம் ஊர்ப் பொதுமண்டபத்துக்கு எது சரி?

ஊருக்குப் பொதுநோக்கு மண்டபம் கட்ட நிதி வந்துவிட்டால், சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "பிளேட் போடக் காசு காணுமா?" என்பதுதான். பிளேட் என்றால் கொங்கிறீட் தட்டைக் கூரை. காணாது என்றால் சீற், அதாவது தகட்டுக் கூரை. ஓடு என்று யாராவது வாய் திறந்தால் பழைய காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். வாகரையிலிருந்து பொத்துவில் வரை நம் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் பெரும்பாலான மண்டபங்கள் இப்படித்தான் தீர்மானமாகின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என் அளவுகோல் ஒன்றுதான்: வருஷத்தில் எத்தனை நாள் ஊர்ச்சனம் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறது?

பிளேட்டின் மேல் நம் சனத்துக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கிடுகு, ஓடு, தகரம் எல்லாம் பறந்த இரவு அது. பிளேட் போட்ட கட்டடம் எங்கே இருக்கிறது என்று தேடி ஓடிய கதையை அந்தத் தலைமுறை இன்றும் சொல்கிறது. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. அன்று மாடிப்படி ஏறக் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். 2011 ஜனவரி வெள்ளத்திலும் பாடசாலைக் கட்டடங்கள்தான் சனத்துக்கு இடம் கொடுத்தன. ஆபத்து வேளையில் தலைக்கு மேல் கொங்கிறீட் இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம். அதில் நான் யாரோடும் வாதாட மாட்டேன்.

ஆனால் மற்ற நாட்களைப் பாருங்கள். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் வெயில் உச்சந்தலைக்கு நேரே விழும். சுவரைவிடக் கூரைதான் அதை முழுதாக வாங்குகிறது. ஐந்து அங்குலக் கொங்கிறீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு உள்ளே விடும். மாதர் சங்கம் கூடுவதும், பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வருவதும், முதியோர் சங்கம் கணக்குப் பார்ப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நான் பார்த்த ஒரு மண்டபத்தில், உள்ளே நாலு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தும் கூட்டம் வெளியே வேப்பமரத்தடியில் பாய் விரித்து நடந்தது. விசிறி கீழே தள்ளியது பிளேட்டின் சூட்டைத்தான். அலுமினிய இழுவை ஜன்னலோ ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். காற்றுக்கும் மழைக்கும் கணக்குப் பார்க்காமல் வைத்த ஜன்னல் அது.

அடுத்தது உப்பு. கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் கட்டும்போது கம்பிக்கு மேல் கொங்கிறீட் மூடல் குறைந்தது 40 மில்லிமீற்றராவது வேண்டும். கழுவாத கடல் மணல் கலவைக்குள் போகவே கூடாது. கம்பியைத் தூக்கிப் பிடிக்க கவர் கட்டை வைக்காமல் அப்படியே பலகையில் படுக்கவிட்டு கொங்கிறீட் ஊற்றிய பிளேட்டை அண்ணாந்து பாருங்கள். முதலில் கம்பி போன வழியே கபிலக் கோடு விழும். பிறகு பூச்சு ஊதும். மேசன் கரண்டி நுனியால் தட்டினால் உள்ளங்கை அளவு துண்டு கழன்று விழும். உள்ளே இருக்கும் கம்பி ஏடு ஏடாக உரிந்து நிற்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கொங்கிறீட்டைப் பிளக்கும். பிளந்த வழியால் இன்னும் உப்புக்காற்றுப் போகும். இதைத் திருத்துவது ஊர் மேசன்மாருக்கு இலகுவான வேலையல்ல. சங்கத்தின் சந்தாக் காசும் அதற்குப் போதாது. அப்புறம் அந்த மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

சீற்றைப் பற்றி நீட்ட அதிகம் இல்லை. இரும்புச் சட்டம், மேலே நிறத்தகடு. விரைவில் முடியும், செலவு குறைவு, நடுவில் தூண் இல்லாத அகலம் கிடைக்கும். பகலில் அடுப்பு, மாரியில் மழைச்சத்தத்தில் பேச்சே கேட்காது, காற்றுக்கு முதலில் பறப்பதும் அதுதான். அஸ்பெஸ்டஸ் சீற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாகச் சொன்ன அரசு, கடைசி நேரத்தில் பின்வாங்கியது. நுரையீரலைக் கெடுக்கும் நாரை, பிள்ளைகள் கூடும் இடத்தின் தலைக்கு மேல் வைக்கக் கூடாது.

ஆனால் தகரத்தையும் புத்தியோடு போடலாம். புர்கினா பாசோவில் தன் சொந்த ஊரான கந்தோவில் கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கெரே 2001இல் கட்டிய ஆரம்பப் பாடசாலை அதற்குச் சாட்சி. வகுப்பறைக்கு மேலே மண்கல்லால் ஒரு மச்சு, அதாவது உட்கூரை. அதற்கு மேல் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தில் தகரக் கூரை உயரத் தூக்கி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுவதால் தகரத்தின் சூடு உள்ளே இறங்குவதில்லை. கட்டியவர்கள் ஊர்ச்சனமே. அந்தக் கட்டடம் 2004இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வாங்கியது. கெரே 2022இல் அதே துறையின் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். சீற்தான் போடுவோம் என்று முடிவெடுக்கும் ஊர், கீழே ஒரு மச்சும் நடுவே ஒரு முழ இடைவெளியும் விட்டாலே பாதிச் சூடு போய்விடும்.

இனி ஓடு. நான் சொல்வது பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டுவதை அல்ல. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஒரு மண்டபம். வடக்கும் தெற்கும் திறப்பு. சுற்றிவர எட்டடி விறாந்தை, அதன் ஓரத்தில் உட்காரும் உயரத்தில் ஒரு குந்து. கூரை இறவாரம் நன்றாக இறங்கி வர வேண்டும், அதிலும் வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கும் வடகிழக்கில் இன்னும் இறக்கமாக. சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு. யுத்தம் இத்தனை பேரின் காலைப் பறித்த மாவட்டத்தில் படி மட்டும் வைத்த பொதுமண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

இந்த வடிவத்தின் பெரிய பலம் விறாந்தைக்குப் பூட்டு இல்லை என்பது. பெட்டிபோல் அடைத்த மண்டபத்தின் சாவி யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். அவர் வயலுக்குப் போனால் மண்டபம் இல்லை. கோயில் மடத்திலும் பள்ளிவாசல் விறாந்தையிலும் மத்தியானத்தில் யாராவது சாய்ந்திருப்பதை நம் எல்லா ஊரிலும் காணலாம். யாரையும் கேட்காமல் வந்து இருக்க முடிகிறது, அதனால் இருக்கிறார்கள். டாக்காவில் கட்டடக்கலைஞர் மரினா தபசும் கட்டிய பைத் உர் ரவூஃப் பள்ளிவாசலும் அப்படித்தான். 2012இல் முடிந்த செங்கல் கட்டடம், குளிரூட்டி கிடையாது. செங்கல்லுக்குள் விட்ட துவாரங்களாலும் கூரைத் திறப்புகளாலும் வெளிச்சமும் காற்றும் வருகின்றன. தொழுகை இல்லாத நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சுவருக்கு இரண்டு வழி. ஒன்று அமுக்கிய மண்கல்: கிறவல் கலந்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து, கைப்பொறியில் அமுக்கி, சில வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார், சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில் முஸ்லிம் மீனவர்களுக்காக ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த வீடுகள் இந்தக் கல்லில் எழுந்தவை. அம்பேபுஸ்ஸ நூலகத்தில் கட்டடக்கலைஞர் மிலிந்த பத்திராஜவின் குழு இடித்திறுக்கிய மண்சுவர் எழுப்பியது. அதைக் கட்டியபடியே இளம் படைவீரர்கள் கட்டடத் தொழில் பழகினார்கள். 2015இல் ஹோல்சிம் உலக விருதில் வெள்ளி கிடைத்தது. நமக்குள்ள சிக்கல் மண். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை முழுக்க மணல். உகந்த மண் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு அப்பாலிருந்து வர வேண்டும், லொறிக் கூலி ஏறும். அதனால் கடலோரத்துக்கு நான் இரண்டாவது வழியைச் சொல்வேன்: செங்கல்லை நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. ஏறக்குறையக் காற்பங்கு செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். மேசன்மார் சில நாளில் பழகிவிடுவார்கள்.

ஓட்டிலும் குறைகள் உண்டு. ஓடு மேற்குக் கரையின் வென்னப்புவ, வைக்கால் பக்கமிருந்து நாட்டைக் குறுக்கே கடந்து வருகிறது. மர விலை பயங்கரம். அம்பாறை உள்ளூர்களில் குரங்கு ஓட்டைப் புரட்டும். சூறாவளிக்கு ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கட்டியே ஆக வேண்டும். கூரையின் வளைமரத்தைத் தூணோடு இரும்புப் பட்டியால் பிணைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் 1978 மாதிரி ஒன்று வந்தால் நான் அந்தக் கூரைக்குக் கீழே நிற்கச் சொல்ல மாட்டேன். மறுபக்கம், ஓடாவிமார் (தச்சர்கள்) சொல்வதுபோல, "ஓடு உடைஞ்சா ஒண்ட மாத்தலாம். பிளேட் ஒழுகினா மறுகா என்ன செய்யிற?"

எனவே என் தெரிவு கலப்பு. ஓட்டுக்கூரை விறாந்தை மண்டபம், அதன் மேற்கு முனையில் ஒழுங்காகக் கட்டிய ஒரேயொரு பிளேட் அறை. வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திய தளம், கூரைக்கு ஏறப் படி, அதன்மேல் தண்ணீர்த் தாங்கி, ஒட்டினாற்போல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை. சாதாரண நாளில் அது களஞ்சியமும் அலுவலகமும். புயல் அறிவித்தால் அடைக்கலம். மேற்கு வெயிலை அந்த அறையே தடுத்துக்கொள்ளும். பிளேட்டின் பரப்புச் சிறிதானால் நல்ல சீமெந்து, கழுவிய ஆற்று மணல், சரியான மூடல் எல்லாவற்றுக்கும் காசு காணும்.

இதைக் கட்டுவதில் பெரிய தடை பணத்தைவிடக் காலம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அனுமதி, மதிப்பீடு, கேள்விப்பத்திரம் என்று இழுபட்டுக் கிழக்கில் வேலை தொடங்கும்போது பல தடவை ஒக்டோபர் ஆகிவிடும். டிசம்பர் 31க்குள் காசு முடிய வேண்டும் என்று கொட்டுகிற மாரியில் கொங்கிறீட் ஊற்றுகிறார்கள். மண்கல் காய வைப்பதற்கும் சுவர் எழுப்புவதற்கும் மரம் ஏற்றுவதற்கும் நமக்குள்ள காலம் மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரைதான். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே நேரடியாக ஒப்பந்தம் கொடுக்க விதிகளில் இடம் உண்டு. வரைபடத்தையும் மதிப்பீட்டையும் முந்திய வருஷ மாரியிலேயே முடித்து, பிரதேச செயலகத்தில் கொடுத்துவைத்த சங்கம் மாசி பங்குனியில் அத்திவாரம் வெட்டலாம். வாகரைக்கும் பொத்துவிலுக்கும் ஒரே மாதிரி வரைபடத்தை நீட்டினால், "எங்கள் வளவுக்குக் காற்று எந்தப் பக்கம், வெள்ளம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டு அதைத் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் கையெழுத்து விழுமுன் கேட்க வேண்டும். பிறகு ஒரு ஜன்னலைக்கூட நகர்த்த முடியாது.