பிட்காயின்: வைத்திருப்பது சுலபம், செலவழிப்பது? பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

இணையத்தில் மட்டுமே இருக்கும் டிஜிட்டல் பணமான பிட்காயின் பற்றிப் பேச்செடுத்தால் "இப்போது என்ன விலை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதை வைத்துப் பணம் கட்டுவது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பல வருடங்களாகச் சேமிக்கவும் செலவழிக்கவும் பயன்படுத்தியதில் நான் பார்த்தது இதுதான்: விலை ஏற ஏற, செலவழிக்க மனசு வருவதில்லை. மற்ற சிக்கல்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

விலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது, ஒரே வருடத்தில் சுமார் 3,200 டாலருக்கு இறங்கிவிட்டது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000. அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. 2024 டிசம்பரில் முதல் முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மொத்தம் 2.1 கோடி காயின்களுக்கு மேல் வராது, ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒருமுறை புது வரத்து பாதியாகும் என்பதை எல்லோரும் ஏற்றத்துக்குக் காரணமாகச் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதியை) பதிவில் சேர்ப்பவருக்குப் புதுக் காயினாகக் கிடைக்கும் வெகுமதி 6.25இலிருந்து 3.125 ஆனது. ஆனால் வரத்து குறைந்தால் மட்டும் போதாது, வாங்கவும் ஆள் வேண்டும். அதே வருடம் ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்பாட் இடிஎஃப்களுக்கு (பிட்காயினையே வாங்கி வைத்து, பங்குபோல விற்கப்படும் நிதிகளுக்கு) அனுமதி கிடைத்ததும், வாலட்டை (காயின்களைக் கையாளும் செயலி அல்லது கருவியை) தொட்டே பார்க்காதவர்கள்கூடப் பங்குக் கணக்கு வழியாக உள்ளே வர முடிந்தது. அந்த வருட ஏற்றத்துக்கு அது பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, செலவுக்கு வருவோம். 2010 மே 22 அன்று ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியதை இன்றும் ஏமாளித்தனம் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாராவது செலவழித்துக் காட்டினால்தானே அது பணம் என்று ஆகும்? ஆனாலும் அந்தக் கதை எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் "இது அடுத்த வருடம் எவ்வளவு ஆகியிருக்கும்" என்ற கணக்கு மனதுக்குள் ஓடும்.

நேரடியாகப் பிளாக்செயினில் (எல்லாப் பரிவர்த்தனையும் பிளாக் பிளாக்காகப் பதிவாகும் பொதுப் பேரேட்டில்) அனுப்புவது பெரிய தொகைக்கு அருமையாக வேலை செய்கிறது. கட்டணம் தொகையைப் பொறுத்ததில்லை, பரிவர்த்தனை எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் பெரிய தொகைக்கும் சில்லறைக்கும் ஒரே கட்டணம் வரலாம். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பதால் காத்திருக்கவும் வேண்டும். நெரிசல் வந்தால் நிலைமை தலைகீழ்: 2024 ஏப்ரலில் வெகுமதி பாதியான நாளில் சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. அந்த மாதிரி நாட்களில் அவசரமில்லாததை நான் தள்ளிப்போட்டுவிடுவேன். குறைந்த கட்டணத்தில் அனுப்பி மாட்டிக்கொண்டால், அதே பரிவர்த்தனையைக் கட்டணம் உயர்த்தித் திரும்ப அனுப்பும் வசதி உள்ள வாலட்டாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் செலவுகளுக்கு லைட்னிங்தான், அதாவது பிட்காயினுக்கு மேல் இயங்கும் வேகமான பரிமாற்ற நெட்வொர்க். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஓகே கொடுத்தால் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும், கட்டணமும் சில சதோஷிதான் (ஒரு பிட்காயினுக்குப் பத்து கோடி சதோஷி). முதன்முதலில் இப்படி அனுப்பியபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் உள்ளே நடப்பது எளிதில்லை. இருவருக்கு இடையே ஒரு சேனலில் பணத்தைப் பூட்டி வைத்து, அதில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை அங்கும் இங்கும் நகர்த்துவதுதான் அடிப்படை. எதிர்ப்பக்கம் போதுமான இருப்பு இல்லையென்றால் உங்களால் பணம் வாங்கவே முடியாது. புதிதாக வருபவருக்கு இதைப் புரியவைப்பது சிரமம். அதனால்தான் பலரும் நிறுவனமே சாவியை (பணத்தை நகர்த்தத் தேவையான ரகசிய எண்ணை) வைத்துக்கொள்ளும் வாலட்டுக்குப் போகிறார்கள். சில்லறை அளவுக்கு அது பரவாயில்லை, அதற்கு மேல் வைக்காதீர்கள்.

இப்போது என் அன்றாடப் பரிமாற்றத்தில் பெரும்பங்கு ஸ்டேபிள்காயினில்தான் (டாலர் போன்ற நாணயத்தோடு மதிப்பு கட்டப்பட்ட டிஜிட்டல் காயினில்) நடக்கிறது. வேறு நாட்டிலிருந்து வரவேண்டிய வேலைக்கூலி விடுமுறை நாளில்கூட வந்து சேர்கிறது. ஒரு டாலர் ஒரு டாலராகவே இருப்பதால் செலவழிக்கத் தயக்கமும் இல்லை. ஆனால் எல்லா ஸ்டேபிள்காயினும் ஒன்றல்ல. 2022 மே மாதம் டெர்ராயுஎஸ்டி சில நாட்களில் சரிந்து போனது, அதற்குப் பின்னால் ஒவ்வொரு காயினுக்கும் ஈடான டாலர் கையிருப்பு இருக்கவில்லை. 2023 மார்ச்சில் யுஎஸ்டிசி என்ற இன்னொன்று ஒரு வார இறுதியில் சுமார் 88 சென்ட்டுக்கு இறங்கித் திரும்பியது. அதன் கையிருப்பில் ஒரு பகுதி, திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் இருந்ததுதான் காரணம். அப்புறம், யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி போன்றவற்றை வெளியிடும் நிறுவனத்தால் உங்கள் முகவரியை முடக்கவும் முடியும். இன்னொன்று: எந்த நெட்வொர்க்கில் அனுப்புகிறீர்களோ அதன் சொந்தக் காயினும் கட்டணத்துக்காகக் கொஞ்சம் தேவைப்படலாம். ட்ரான் என்ற நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி நிறைய இருந்தும் அதன் காயினான டிஆர்எக்ஸ் இல்லாமல் அனுப்ப முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2014இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் (காயின்களை வாங்கி விற்கும் சந்தை) திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சும் திவாலானது. நான் கணக்கு வைத்திருந்த ஒரு எக்ஸ்சேஞ்சும் விலை வேகமாக இறங்கிய ஒரு சமயம் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தது. காரணம் கேட்டால் ஒரே தானியங்கிப் பதில். கடைசியில் பணம் வந்துவிட்டது, ஆனால் அந்த நாட்களின் கவலையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சேமிப்பு ஹார்டுவேர் வாலட்டில் (சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் சின்னக் கருவியில்) இருக்கட்டும். வாலட் தொலைந்தால் பணத்தை மீட்க அது தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் காகிதத்திலோ உலோகத் தகட்டிலோ எழுதுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள். சிறு தொகையைப் போட்டு, வாலட்டை அழித்து, அந்தச் சொற்களை வைத்தே மீட்டுப் பாருங்கள். பணம் அனுப்பும்போது, பெறுபவரின் முகவரியில் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் சரியாக இருந்தால் போதும் என்று விடாதீர்கள். அந்த எழுத்துகள் ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்கி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்துவிடும் மோசடி பரவலாக நடக்கிறது.

சட்டம் போட்டுப் புழக்கத்தைக் கொண்டுவர முடியுமா? மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கியது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, வாங்குவதும் மறுப்பதும் வியாபாரிகளின் விருப்பம் என்று மாற்றிக்கொண்டது.

இன்னும் எனக்கு உறுத்துவது வரிதான். பல நாடுகளில் பிட்காயினில் ஒரு பொருள் வாங்கினாலே அதை விற்றதாகக் கணக்கு. வாங்கிய விலை, கொடுத்த நாளின் விலை, லாபம் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். நான் எக்ஸெலில் குறித்து வைக்கிறேன், ஒவ்வொரு சின்னச் செலவுக்கும் இதைச் செய்வது அலுப்பாக இருக்கிறது. ஸ்டேபிள்காயினில் வித்தியாசம் அநேகமாக வராது என்பதால் கணக்கு சுலபம். சிறு தொகைச் செலவுகளுக்கு மட்டுமாவது இந்த வரியிலிருந்து விலக்கு கொடுத்தால், லைட்னிங்கை நானே இன்னும் நிறையப் பயன்படுத்துவேன்.