அரேகா பாம்: பூனை இருக்கும் வீட்டுக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். எங்கள் மீனு இதன் ஓலை நுனியை நார்நாராகக் கிழித்துத் தின்கிறாள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், செடிதான் பாவம். பூனைக்கு நஞ்சில்லாத செடிகள் என அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு வெளியிட்ட பட்டியலிலும் அரேகா இருக்கிறது. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கலாம், புல் தின்றாலும் அப்படித்தானே.

கோபமெல்லாம் நர்சரி மீதுதான். பக்கத்திலேயே சேகோ பாமையும் வைத்து, இரண்டுக்கும் ‘பாம்’ என்றே சீட்டு ஒட்டியிருந்தார்கள். சேகோ பனை வகையே அல்ல, சைகஸ் இனம். இலை, வேர், விதை எல்லாமே விஷம், விதை படுமோசம். அதிலுள்ள சைகாசின் என்ற நஞ்சு பூனையின் கல்லீரலையே கெடுத்துவிடும். இலை விறைப்பாகக் குத்தினால், அடிப்பகுதி தடித்திருந்தால் வாங்காதீர்கள். அரேகாவில் மூங்கில்போல மெல்லிய தண்டுகள் கொத்தாக வரும்.

செடி செழிப்பு, விலையும் நியாயம். சீட்டுக்காக ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு.