மோனோலேயர்: நீரில் மிதக்கவிடுவதா, தங்கத்தில் பிணைப்பதா?

மோனோலேயர் என்பது ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம். அதை உருவாக்க இரண்டு வழிகள் பிரபலம்.

முதல் வழியான லாங்மியூர் படலத்துக்கு ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தை நீர்ப்பரப்பில் பரப்புகிறார்கள். மூலக்கூறின் நீரை விரும்பும் தலை கீழே, கொழுப்பு வால் மேலே. தடுப்பை நகர்த்தி நெருக்கினால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும். தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர்தான். எவ்வளவு நெருக்குவது என்பது நம் கையில், அதுதான் இதன் பலம். கண்ணாடியை முக்கியெடுத்து அடுக்கடுக்காகவும் படியவைக்கலாம் (இதை வளர்த்தெடுத்தவர் கேத்தரின் பிளாட்ஜெட்). ஆனால் பிடிப்பு பலவீனம்.

தானாக அமையும் மோனோலேயர் வேறு ரகம். தங்கத் தகட்டை தயால் (முனையில் கந்தகம் உள்ள கரிமச் சேர்மம்) கரைசலில் ஊறவிட்டால் போதும். கந்தகம் தங்கத்தோடு உறுதியாகப் பிணைந்துகொள்ளும். சென்சார் செய்ய நான் இதையே எடுப்பேன். செல்சவ்வைப் போன்ற மாதிரிப் படலத்தை ஆராயவா? அப்போது நீர்ப்பரப்புதான் சரி.