முத்துலட்சுமி ரெட்டிக்காக இரண்டு ஸ்டார்

முத்துலட்சுமி ரெட்டி எழுதிய பழைய புத்தகம் ஒன்றின் மறுபதிப்பு இது, விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 695 ரூபாய், டெலிவரிக்கு 60 தனி. இந்தக் காசுக்கு வந்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது, ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வருடம் தங்கை உண்டாகியிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூடப் போவேன். கர்ப்பத்தைப் பதிந்தால் கொடுக்கிற பிக்மி எண், பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார் என்று ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் வரிசையில் நிற்கிற ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "பதினெட்டாயிரம் வந்துடுச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் தங்கை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருக்கா இவங்க, மந்திரியா?" என்றாள். புதுக்கோட்டைக்காரர், டாக்டர், தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் போராடியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்த இரண்டு வரிக்கு மேல் எனக்கும் சொல்ல வரவில்லை. அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் இது. சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்த நாட்களைப் பற்றி அவரே ஆங்கிலத்தில் எழுதி 1930-ல் வெளிவந்த புத்தகத்தின் மறுபதிப்பு.

மறுபதிப்பு என்பது அவர்கள் வைத்த பெயர். ஆர்டர் வந்த பிறகு ஒரு பிரதி அடித்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அட்டையில் ஒரு மரச் சுத்தியல் படம்! நம் ஊர்ச் சட்டசபையில் யார் சுத்தியல் தட்டினார்கள் என்று தெரியவில்லை, சட்டம் என்று தேடினால் இணையத்தில் வந்து விழுகிற முதல் படத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள் போல. உள்ளே ஏதோ ஒரு நூலகப் பிரதியின் ஸ்கேன், முத்திரையோடு அப்படியே. பாதிப் பக்கங்கள் சாய்ந்து நிற்கின்றன, உள் ஓரத்து எழுத்து பைண்டிங்குக்குள் போய்விட்டதால் புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து பிடித்தால்தான் படிக்க முடியும், ஒரு பக்கத்தில் ஸ்கேன் எடுத்த புண்ணியவானின் கட்டைவிரல் நகத்தோடு தெரிகிறது. 112-க்கு அப்புறம் நேராக 117. வாக்கியம் பாதியில் நிற்கிறது. பசை மூன்றாம் நாளே விட்டுவிட்டது. மெயில் போட்டுக் கேட்டதற்கு, பழைய அரிய நூல்களில் இதெல்லாம் சகஜம் என்று பதில். நூல் பழசு சரி, ஒட்டின பசையும் பழசா?

இன்னொன்றும் உறுத்துகிறது. முத்துலட்சுமி இறந்தது 1968-ல். இறந்து 60 வருடம் என்கிற காப்புரிமைக் கணக்குப்படி 2028 முடியவே இன்னும் காலம் இருக்கிறது. யாரிடம் அனுமதி வாங்கினோம் என்று ஒரு வரிகூட உள்ளே கிடையாது.

இத்தனைக்கும் மேல் ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், ஏழைகளுக்கான அரசுப் பணத்தைச் சட்டசபையில் எப்படிக் கேட்டு வாங்குவது (பெரும்பாலும் எப்படிக் கிடைக்காமல் போகும்) என்பது எனக்கு இதைப் படித்துத்தான் புரிய ஆரம்பித்தது. 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற இன்னொரு பெண், சுதந்திரப் போராட்டக்காரர் கமலாதேவி சட்டோபாத்யாய், சொற்ப ஓட்டில் தோற்றுப்போனார். முத்துலட்சுமி நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போனார், அதுவும் டாக்டர் தொழில் கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கி. 98 பேர் தேர்தலில் வந்தவர்கள், 34 பேர் நியமனம், மொத்தம் 132 பேரில் பெண் இவர் ஒருத்தர். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபைக்குள் போன முதல் பெண். 1927-ல் ஒருமனதாகச் சபையின் துணைத் தலைவர் ஆக்கினார்கள். நாற்காலி கொடுப்பதில் யாருக்கும் கஷ்டமில்லை, பணம் கேட்டால்தான் கதை வேறு.

அவர் கேட்டதெல்லாம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை. ஆனால் அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் எல்லாம் இந்திய மந்திரிகள் கையில், கஜானா சாவி மட்டும் கவர்னர் பக்கம். பிள்ளைக்குச் சோறு போடுகிற வேலை மருமகளுக்கு, அரிசிப் பானை மாமியார் அறையில் என்கிற மாதிரி. போதாததற்கு, மாகாணங்கள் டெல்லிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்ட மெஸ்டன் கமிட்டி புண்ணியத்தில் சென்னை மாகாணம் டெல்லிக்கு வருடம் 348 லட்சம் ரூபாய் அழ வேண்டியிருந்தது, அந்தச் சுமை 1920-களின் கடைசியில்தான் இறங்கியது. சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்குப் பரிந்துரைதான், செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லாரும் கைதூக்கி ஆதரிப்பார்கள், அப்புறம் நிதி இல்லை என்று பதில் வரும்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வெட்டுத் தீர்மானம். 1919 இந்திய அரசுச் சட்டப்படி, கவர்னர் பரிந்துரை இல்லாமல் எந்தச் செலவையும் உறுப்பினர் முன்மொழிய முடியாது. ஒரு துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு கேட்கிற மானியக் கோரிக்கை வந்தால் மூன்றே வழிதான்: ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டிக் கொடு என்று கேட்க வழியே இல்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று நினைக்கிற உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? அந்த மானியத்தில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுக்க வேண்டும்! அந்தச் சாக்கில் எழுந்து மனக்குறையைக் கொட்டிவிட்டு, மந்திரி ஏதாவது வாக்குக் கொடுத்தால் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இது வெள்ளைக்காரனோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், நம் அரசியல் சட்டத்தின் 203-வது பிரிவும் இதே மூன்று வழியைத்தான் கொடுக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை மானியத்தில் வெட்டுத் தீர்மானம் என்று இனி செய்தியில் படித்தால், ஐயோ ஏழைகள் காசில் கை வைக்கிறார்களே என்று பதற வேண்டாம், பெரும்பாலும் அது அதிகம் கேட்பவர் கொடுத்ததாகத்தான் இருக்கும். நானே இதுவரை பதறிக்கொண்டிருந்தவள்தான்.

தேவதாசி விஷயத்திலும் நான் யோசிக்காத ஒரு பக்கம் உண்டு. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டுவதை நிறுத்து என்று சொல்லிவிடலாம், ஆனால் கோயில் ஊழியத்துக்காக விட்ட மானிய நிலத்தை நம்பித்தானே அந்தப் பெண்கள் சாப்பிட்டார்கள்? ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். 1929-ல் அவர் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது, ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று. முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆனது. இவரோ 1930-லேயே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

சரி, வாங்கலாமா? இந்தப் பதிப்பை வேண்டாம். நூலகத்தில் பழைய பிரதி கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்து படித்துவிடுங்கள். காணாமல் போன நான்கு பக்கங்களை, கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி மொபைலில் படமெடுத்து அனுப்பினாள், அதைப் பிரிண்ட் எடுத்து நடுவில் செருகி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற பைண்டரிடம் கொடுத்தேன். 150 ரூபாய்க்குத் தையல் போட்டுக் கெட்டி அட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். சுத்தியல் படத்தை என்ன செய்ய என்று கேட்டார். கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன்.