வாங்கி நான்கு வருடம்: என் 1970 எம்ஜிபியும் அதன் பழுதுகளும்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய மூன்றாம் நாள், சிக்னலில் நின்றிருந்தபோது எஞ்சின் அணைந்தது. செல்ஃப் நன்றாகவே சுற்றியது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பானட்டைத் திறந்து அங்கே இங்கே தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொண்டது. அடுத்த ஐந்து வாரமும் இதே கதைதான். சாலையில் அருமையாக ஓடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் குறைத்து நிறுத்தினால் அணையும்.

அந்த ஐந்து வாரத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்குகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். கோளாறு எதுவென்று தெரியாமலே பாகங்களை மாற்றிக்கொண்டே போனேன். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் காயில், அதோடு சேர்ந்த கண்டென்சர் எல்லாமே மாறின. டேங்கைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நன்றாக ஓடும்; மூன்றாம் நாள் மறுபடி நிற்கும்.

கடைசியில் வழி காட்டியது ஒரு சாதாரண டெஸ்ட் லாம்ப். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கம் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே அதை வைத்துச் செல்ஃப் அடித்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடுவதற்கு ஏற்ப விளக்கு அணைந்து அணைந்து எரிய வேண்டும். என் வண்டியில் அது அணையாமல் எரிந்தது. அதாவது, காயில் வரை கரண்ட் வருகிறது. பாயிண்ட் வழியாக எர்த்துக்கு (பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போய்ச் சேரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே பாயிண்ட்டுக்குப் போகிற ஒயர் விரல் நீளம்தான் இருக்கும், மேலே துணி உறை. வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. சின்ன இடுக்கியால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒயர் ரப்பர் மாதிரி நீண்டது. செம்பு இழைகள் உள்ளே அறுந்துபோய், வெறும் உறைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏன் அங்கே அறுந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, எஞ்சினின் உறிஞ்சலால் பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் என்ற அமைப்பு, பாயிண்ட் இருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்புகிறது. காலை எடுத்தால் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். தட்டு அசையும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒயரும் மடங்கி நிமிர்கிறது. ஐம்பது வருடம் மடங்கினால் செம்பு தாங்குமா? ஓடும்போது இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, காலை எடுத்ததும் பிரிந்தன. நிறைய மெல்லிய இழைகள் கொண்ட, நன்றாக வளையும் ஒயராகப் போட்டேன். அந்தக் கோளாறு இன்றுவரை திரும்பி வரவில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்ஜிபி, இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரானது. திறந்த மேல்பகுதி கொண்டதும் கூரை வைத்ததும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். என்னுடையது திறந்த வகை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்பரேட்டர், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்ட உதவும் கூடுதல் கியர்) உள்ள கியர்பாக்ஸ். முதன்முதலாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அநேகமாக எல்லா பாகமும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது, பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கிறது. நான் கீழே எழுதும் பழுதுகள் வண்டியைச் செய்தவர்களின் குறையல்ல. பாதி வயதால் வந்தவை. மீதி, நடுவில் யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன ரிப்பேர்களால் வந்தவை.

மின்சாரத்தில் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை எர்த் பிரச்சினைதான். இன்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் நகரும். கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காமல், பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றிப் போகிறது என்று அதற்கு அர்த்தம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். என் வண்டியின் பின்விளக்கில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 12 வோல்ட்டில் கால் பங்கு துருவிலேயே போய்க்கொண்டிருந்தது. டிக்கிக்குள் எர்த் ஸ்குரூவைக் கழற்றி, எமரி பேப்பரால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, வாஸ்லின் தடவி முறுக்கினேன். அரை மணி நேர வேலை, செலவே இல்லை. விளக்கு புது விளக்கு மாதிரி எரிந்தது.

அடுத்து, ஒயர்களை இணைக்கும் சின்னக் குண்டு முனைகள். இரண்டு முனையும் ஒரு கறுப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும் தகட்டுக் குழலில் போய் உட்காரும். அந்தக் குழலுக்குள் ஈரம் போனால் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு படியும். என் ஓவர்டிரைவ் வாங்கியபோதே வேலை செய்யவில்லை. விற்றவர், கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும் என்றார். கியர்பாக்ஸ் அருகே இருந்த ஒரே ஒரு குண்டு முனையைச் சுத்தம் செய்ததும் மூன்றாவதிலும் நான்காவதிலும் டக்கென்று விழுந்தது. நீண்ட சாலையில் அந்த சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் சத்தம் இறங்கி வண்டி நிதானமாகிற சுகத்தைச் சொல்லி மாளாது. யாராவது கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், முதலில் அந்த ஒயரைப் பாருங்கள்.

ஃப்யூஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். வேறு முறையில் குறிக்கப்பட்ட 35 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டால் ஃப்யூஸ் நிற்கும், ஒயர் எரியும். என் வண்டியில் அப்படித்தான் யாரோ போட்டிருந்தார்கள்.

பிரேக்கை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்திருக்க வேண்டும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு முன்சக்கரம் மட்டும் ஓட்டி முடித்ததும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் இறுகியிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருந்தது. மிதிக்கும் அழுத்தத்துக்கு எண்ணெய் உள்ளே போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். அதனால் எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் பிரேக் ஹோஸ், கிளட்ச் ஹோஸ் எல்லாவற்றையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்ரோல் ஹோஸும் அப்படியே: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரில் விரிசல் விழ வைக்கும். அதைத் தாங்கும் ஆர்9 வகை ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் அதிகமாகச் சூடேறுகிற தொல்லை சீக்கிரம் தீர்ந்தது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையே யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போட்டு, எஞ்சின் பிளாக்கின் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபிறகு பழுப்பு நிறச் சேறு கொட்டியது. தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, கூலன்ட் ஊற்றினேன். முள் அதன்பிறகு நடுவைத் தாண்டவில்லை.

கார்பரேட்டர்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. எஸ்யூவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள்; எனக்குத் தெரிந்து இதைவிட எளிய கார்பரேட்டர் இல்லை. மிதித்ததும் ஒரு நொடி மூச்சு முட்டி அப்புறம் இழுக்கிறதா? மேலே உள்ள கறுப்பு மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருக்காது. 20 கிரேடு ஆயில் கொஞ்சம் விட்டால் சரியாகிவிடும். பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பார்க்க, எஞ்சின் சூடான பிறகு கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கினால் குறைவு. லேசாக ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து 'ஸ்ஸ்' என்ற சத்தத்தை ஒப்பிடுவேன். இக்னிஷன், டேப்பெட் (வால்வு இடைவெளி) இரண்டையும் முடித்த பிறகே இதைத் தொட வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், டேப்பெட் 0.38. இவை தப்பாக இருந்தால் கார்பரேட்டரை எவ்வளவு திருகினாலும் பலனில்லை.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். ஜாக் வைத்துச் சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு அடித்தால்தான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் அடிக்கிறேன். எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகம் சேர்த்தது. அதையும் அதே கணக்கில் மாற்றுகிறேன்.

துருதான் பெரிய செலவு. இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிதான், அதுவும் கூரை இல்லாத வண்டியில், முதுகெலும்பு. வாங்கும்போது காந்தம் கொண்டுபோயிருந்தால் இடப்பக்க சில்லில் அது ஒட்டாமல் விழுந்திருக்கும். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டுப் போட்டு, அதன் மேல் கனமாகப் பட்டி தடவியிருந்தார்கள்; உள் தகடு பொரிந்து போயிருந்தது. இரண்டாம் வருடம் மூன்று அடுக்கையும் வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டி வந்தது. வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து நிறுத்தாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது காந்தத்தோடு போங்கள். கதவைச் சாத்தி, பின் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் வேறு வண்டி தேடுங்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகளையும் மறக்காதீர்கள். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே உட்காரும், ஆசிட் சிந்தி அடித்தகட்டை அரித்திருக்கும்.

நான்கு வருடத்தில் 19,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. கழற்றிய பழைய பெட்ரோல் பம்ப்பில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்ததும் அதையே திரும்பப் போட்டேன். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று வேகமாகத் தட்டும். கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் மெதுவாகி நின்றுவிடும். அது நின்ற பிறகுதான் செல்ஃப் அடிப்பேன். நிற்காமல் தட்டினால் எங்கோ பெட்ரோல் கசிகிறது அல்லது காற்று இழுக்கிறது. தட்டவே இல்லையென்றால் கரண்ட் அல்லது பம்ப்பின் காண்டாக்ட். வேறு சோதனை தேவையில்லை.

இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆயில் கசிவு. எஞ்சின் பக்கவாட்டில், மேனிஃபோல்டு என்ற குழாய்த்தொகுதிக்குப் பின்னால் மறைந்திருக்கும் டேப்பெட் மூடியிலிருந்து இரவில் நாலைந்து சொட்டு. கார்க் கேஸ்கெட் வாங்கி வைத்துவிட்டேன். அதை மாற்ற இரண்டு கார்பரேட்டரையும் மேனிஃபோல்டையும் இறக்க வேண்டும், ஒரு முழு நாள் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை செய்யப் போகிறேன்.