நெக் வளைஞ்சுடுச்சு சார் என்று சொன்னால் கிட்டாரைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்த கடையின் பெயரைப் போடமாட்டேன், இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்லமாட்டேன். என்ன நடந்தது என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் மழைக்காலம் வரப்போகிறது, சென்னையில் இன்னும் பத்துப் பேருக்காவது இது நடக்கும்.

போன ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார், மேல் பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், அதாவது பிளைவுட் இல்லாத முழு மரம், ஒரு குறை சொல்ல முடியாது. மழை பிடித்து மூன்று வாரத்தில் கம்பிகள் எல்லாம் மேலே ஏறிவிட்டன, ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் இரண்டாவது பாட்டுக்குள் கட்டைவிரல் செத்துவிடுகிறது. கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட், அதில் 12வது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 3.2 மி.மீ. அக்கூஸ்டிக்கில் அது இரண்டு, இரண்டரைக்குள் இருந்தால்தான் சுகம். அந்த அளவைக் குறித்து வைத்ததும், உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை ஒரு போட்டோ எடுத்து வைத்ததும்தான் இந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியங்கள்.

கடைக்காரர் கிட்டாரை வாங்கி, ஒரு கண்ணை மூடி, தலைப்பக்கத்திலிருந்து நெக்கை ஒரு பார்வை பார்த்தார். மொத்தம் ஐந்து விநாடி. "நெக் வளைஞ்சுடுச்சு சார், ரீசெட் பண்ணணும், இப்படியே விட்டா பிரிட்ஜையே பிடுங்கிடும்" என்றார். 4,800 ரூபாய், ஒரு வாரம். பிரிட்ஜ் பிடுங்கும் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, பேரம்கூடப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அவரே வாசித்துக் காட்டினார், 10வது ஃப்ரெட்டுக்கு மேலேயே சும்மா பறந்தார். கம்பியும் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஒரு ஈ மைனர் தட்டினால் ஜிர்ர்ர் என்கிறது. எஃப் கார்டு பிடித்தால் நடுவில் இரண்டு கம்பி ஊமை. முதல் நாலு ஃப்ரெட்டில் எங்கே கை வைத்தாலும் இதே கதைதான். போன் செய்தால் "கம்பி பழசு சார், புதுசு போடுங்க" என்றார், அதற்கொரு 750. மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் ஒருவன் சவுண்ட் ஹோலுக்குள் ஆலன் கீயை விட்டு ஒரு முறுக்கு முறுக்கினான், உள்ளே டக்கென்று ஒரு சத்தம் வந்தது. "வெயில் வந்தா செட் ஆயிடும் சார்." ஜிர் போகவில்லை, நான்தான் வீட்டுக்கு வந்தேன்.

கடைசியில் எங்கள் தெருவில், சர்ச்சில் பேஸ் வாசிக்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலிலேயே அவரிடம் போயிருக்கவேண்டும். ஓசியில் வேலை வாங்குகிறானே என்று நினைப்பாரோ என்ற கூச்சம். அவர் நெக் உடம்போடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரீசெட் பண்ணாங்கன்னு யார்டா சொன்னது?" என்று கேட்டார். ரீசெட் என்றால் ஒட்டியிருக்கிற நெக்கை ஆவி காட்டி, பசையை இளக்கி, தனியாகக் கழற்றி, அடிப்பகுதியைச் செதுக்கிக் கோணத்தை மாற்றி மறுபடி ஒட்டுவது. ஆவி விட ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி அதற்குக் கீழே துளைகூடப் போடுவார்கள். இவ்வளவும் நடந்திருந்தால் சேர்மானத்தில் வார்னிஷ் ஒரு இடத்திலாவது விட்டிருக்கும். என் கிட்டாரில் கம்பெனியில் அடித்த வார்னிஷ் முடி அளவுகூட விரியாமல் அப்படியே இருந்தது.

பின்னே என்னதான் செய்தார்கள்? டிரஸ் ராடை முறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுக்கிறது. அந்த இழுப்பில் நெக் முன்பக்கமாக வளையாமல் இருக்க ஃப்ரெட்டுகள் பதித்த ஃபிங்கர்போர்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் முனையில் திருகு. இப்படித் திருகி மாற்றக்கூடிய ராடுக்கு 1920களில் காப்புரிமை வாங்கியது கிப்சன் கம்பெனி, மார்ட்டின் 1985 வரை அதைப் போடவேயில்லை. திருகை நேராகப் பார்த்துக் கடிகாரச் சுற்றில் திருகினால் நெக் பின்னால் போகும், எதிர்ப்பக்கம் திருகினால் கம்பிகளின் இழுப்பில் முன்னால் வரும். ஆனால் நெக் ஸ்கேல் மாதிரி நேராக இருக்கவும் கூடாது, அதிர்கிற கம்பிக்கு நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும், அதனால் இம்மியளவு குழிவு தேவை. டிரஸ் ராடு இருப்பது இந்தக் குழிவுக்காக, கம்பி உயரத்தைக் குறைக்க அல்ல. நான் 4,800 கொடுத்துக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

அண்ணன் பார்த்த விதத்தை நீங்களும் வீட்டில் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், போடுங்கள், நெக் உடம்போடு சேரும் 14வது ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள், இப்போது 7வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.2 மி.மீ. பக்கம் இருந்தால் நெக்கில் குறையில்லை. அளக்க எதுவும் இல்லையா, 10 கேஜ் கிட்டார் கம்பித் துண்டு 0.25 மி.மீ. தடிமன், அதை நுழைத்துப் பார்க்கலாம். என்னுடையதில் கம்பி எல்லா ஃப்ரெட் மேலும் படுத்துக்கிடந்தது. நெக்கைப் பின்பக்கமாகவே வளைத்துவிட்டார்கள். அப்படி வளைத்தால் 12வது ஃப்ரெட்டில் அளவு குறைந்த மாதிரி காட்டும், மேல் ஃப்ரெட்டுகள் சுத்தமாகப் பேசும், கீழே நாலு ஃப்ரெட் நாசமாகும். மனுஷன் ஏன் 10க்குக் கீழே இறங்கவேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உண்மையான வியாதி ஈரம். கிட்டார் கம்பெனிகள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வை என்கின்றன, மழைக்கால சென்னையில் அது 70ஐத் தாண்டித்தான் நிற்கும். சாலிட் பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் மேலே எழும், கூடவே கம்பியும் எழும். நெக் பாவம் சும்மாதான் இருந்திருக்கிறது.

அண்ணன் ராடைக் கால் சுற்று தளர்த்தினார், விட்டார், மறுநாள் இன்னொரு கால் சுற்று. அந்தப் பையன் திருகின் உள்விளிம்பை மழுக்கியிருந்ததால் கீ நழுவிக்கொண்டேயிருந்தது, ராடு அறுந்திருந்தால் கிட்டாரே போச்சு. குழிவு சரியானதும் 12வது ஃப்ரெட்டில் பழைய 3.2 அப்படியே திரும்பி வந்தது. "இதுக்கு சாடிலை உரசணும்டா" என்றார். சாடில் என்பது பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டு. 12வதில் முக்கால் மி.மீ. இறங்க சாடிலில் அதைப்போல் இரண்டு மடங்கு, ஒன்றரை மி.மீ. எடுக்கவேண்டும். சாடிலை வெளியே எடுத்தவர் என்னையே பார்த்தார். அது என்னுடையதே இல்லை! நான் எடுத்த போட்டோவில் லேசாக மஞ்சளித்த எலும்புச் சாடில், பி கம்பிக்குத் தனியாக வெட்டு வைத்தது. அவர் கையில் இருந்ததோ பல்பொடி வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

புது எலும்புச் சாடிலுக்கு 350 ஆனது, உரசி உட்காரவைக்க ஒரு மாலை. அண்ணன் காசு வாங்கவில்லை. கிட்டார் இப்போது ஒழுங்காகப் பேசுகிறது, ஆனால் அந்த மழுங்கிய திருகை அடுத்த முறை எதைக்கொண்டு திருப்புவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

போட்டோவோடு கடைக்குப் போய் நின்றேன். "பழசு உடைஞ்சிருந்துச்சு சார், நல்லதுக்குத்தான் மாத்தினோம்." சரி, உடைந்ததைக் கொடுங்கள் என்றேன், குப்பையில் போட்டுவிட்டார்களாம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள், பில்லில் என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்றும் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். 'சர்வீஸ் - 4,800'. வேறொன்றும் இல்லை.